ஒன்றுக்கும் ககரத்துக்கும் நடந்த வழக்கு

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தபோது என் அண்ணன் தமிழில் ஒரு பீஜகணிதப் புத்தகம் எழுதி முடித்தார். இன்று இயற்கணிதம் என்கிறார்களே, அதுதான். அண்ணன் புதுக்கோட்டையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் அதே ஊரில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். கணக்கு ஒன்றுதான் என்றாலும், மாலையில் வீடு திரும்பினால் அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நாற்காலியில் சாய்வார். நான் சேலையை மாற்றிக்கொண்டு மதினியோடு அடுப்படிக்குப் போவேன். கல்யாணமான பதினோராம் மாதம் விஷக்காய்ச்சலில் புருஷன் போய்விட, அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்து, டிரெயினிங் படித்து வேலைக்குப் போனவள் நான். விருந்தாளிகள் இருக்கும்போது அண்ணன் என்னை 'எங்க தங்கச்சி, டீச்சர்' என்பார். அவர்கள் போனபிறகு பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடமாட்டார், 'இந்தா' என்பார்.

புத்தகத்தைக் குறை சொல்ல முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல இடம் கிடைக்காது. ஆலங்குடியிலிருந்து சந்தைக்கு வருகிற ஒரு வண்டியில் எத்தனை தேங்காய் இருக்கிறது என்று தெரியாது. தெரியாவிட்டாலும் அந்த எண்ணுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் அதைக் கூட்டலாம், கழிக்கலாம், கடைசியில் அது எது என்று பிடித்தும் விடலாம் என்று முதல் பாடம் தொடங்கும். இதைவிட எளிமையாக அந்த விஷயத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கையெழுத்துப் பிரதியில் எண்கள் எல்லாம் 1, 2, 3 என்று இருந்தன. எழுத்துகள் இங்கிலீஷ் எழுத்துகளாக இருந்தன. யார் படித்தாலும் விளங்கியது. அப்படியே அச்சாகியிருந்தால் இதைச் சொல்லவேண்டிய அவசியமே எனக்கு இருந்திருக்காது.

அச்சாக வேண்டுமானால் ஊரிலிருந்த தமிழ்ச் சபையின் ஆதரவு வேண்டும். சபையின் தலைவர் ஓய்வு பெற்ற தாசில்தார். முப்பது வருஷம் இங்கிலீஷிலேயே உத்தரவு போட்டு, இங்கிலீஷிலேயே கையெழுத்துப் போட்டு, குடியானவர்களை இங்கிலீஷிலேயே அதட்டியவர். பென்ஷன் வாங்கத் தொடங்கிய மாதத்திலேயே அவருக்குத் தமிழ்ப்பற்றும் வந்துவிட்டது. அதன்பிறகு வீட்டில் தண்ணீர் கேட்பதைக்கூட மேடையில் பேசுவது போலத்தான் கேட்பார் என்று சொல்வார்கள். அண்ணன் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். தலைவர் நாலு பக்கம் புரட்டினார். கணக்கைப் பார்த்ததாகத் தெரியவில்லை, குறிகளைப் பார்த்திருக்கிறார்.

"நூல் நன்று. ஆனால் இதன்கண் அன்னியக் குறி ஒன்றேனும் இருத்தல் ஆகாது. எண்ணும் நம் எண்ணாக, எழுத்தும் நம் எழுத்தாக இருத்தல் வேண்டும்" என்றாராம்.

அண்ணன் சைக்கிளில் வீடு வந்து சேர்வதற்குள் சம்மதித்துவிட்டார். அவர் எதற்கும் வளையாதவர் என்று பள்ளிக்கூடத்தில் பெயர். மாணவர்களிடம் வளையமாட்டார், அவ்வளவுதான். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே எழுத்துகளைத் தீர்மானித்துவிட்டார். எண் என்ற சொல்லின் முதலெழுத்து எ. ஆகவே தெரியாத எண்ணுக்குப் பெயர் எ. தெரிந்த எண்களுக்கு க, ச, அ என்று வைத்துக்கொண்டார். எண்களுக்குப் பழைய தமிழ் எண்கள்.

தமிழ் எண்களை இன்றைக்கு யாரும் எழுதுவதில்லை என்பதால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தமிழில் ஒன்று என்ற எண் பார்ப்பதற்குக் ககரம் போலவே இருக்கும். இரண்டு உகரம் போல இருக்கும். நாலு சகரம், ஏழு எகரம், எட்டு அகரம். அண்ணன் கையால் எழுதும்போது எண்களுக்கு மட்டும் கீழே ஒரு வால் இழுத்துவிடுவார். அதனால் அவருக்குக் குழப்பமே தெரியவில்லை. சுத்தப் பிரதி எழுதியவள் நான். முந்நூறு பக்கத்திலும் அந்த வால்களை ஒழுங்காக இழுத்தேன். அப்போது எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பி.ஏ. படித்தவரும் டிரெயினிங் படித்தவளும் சேர்ந்து யோசித்தது இவ்வளவு.

அச்சகம் கீழ ராஜவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், கருமாதிக் கடிதம், பஸ் டிக்கெட் ஆகியவற்றை அடிக்கிற இடம். முதலாளி எதைக் கேட்டாலும் "ஆகட்டும், செஞ்சுருவோம்" என்பார். செய்ய முடியுமா என்பதைப் பிறகுதான் உள்ளே போய் விசாரிப்பார். உள்ளே இருந்தவர் அச்சுக்கோப்பவர், நாங்கள் கம்பாசிட்டர் என்போம். அன்னவாசல்காரர். தினமும் காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போவார். நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கண் பிரதியிலேயே இருக்க, அவர் குனியாமலே கைகள் தாமாகப் பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளைப் பொறுக்கும்.

முதல் புரூப் வந்தது. புரூப் பார்க்கும் வேலை எனக்கு. பெண்களுக்குப் பொறுமை அதிகம் என்று அண்ணன் காரணம் சொன்னார். முதல் கணக்கு இது: ஒரு எண்ணோடு நாலைக் கூட்டினால் எட்டு, அந்த எண் எது? அது இப்படி அச்சாகியிருந்தது:

எ + ச = அ
எனவே, எ = ச

தமிழ் எண் தெரிந்தவர் இதைப் படித்தால், ஏழும் நாலும் எட்டு, எனவே ஏழும் நாலும் சமம். எழுத்தாகப் படித்தால், எதுவுமே விளங்காது. பக்கத்தைப் புரட்டினேன். இரண்டு எண்களைக் கூட்டி வர்க்கம் எடுக்கிற சூத்திரம் இருந்தது. எழுத்தின் தலைக்கு மேல் சின்னதாக உட்கார வேண்டிய இரண்டு, அச்சகத்தில் சின்ன எழுத்து இல்லாததால் கீழே இறங்கி, மற்றவற்றோடு ஒரே வரிசையில் நின்றது.

(க + ச)உ = கஉ + உகச + சஉ

நான் உரக்கப் படித்தேன். பன்னிரண்டும் இருநூற்றுப் பதினாலும் நாற்பத்திரண்டும் சேர்ந்து, ஒன்றையும் நாலையும் கூட்டி இரண்டால் பெருக்கியதற்குச் சமம். பத்தும் இருநூற்று அறுபத்தெட்டும் ஒன்றே என்று என் அண்ணன் நிரூபித்திருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அச்சகத்துக்குப் போனேன். கம்பாசிட்டர் எழுந்து நின்றார்.

"எண்ணுக்கு வால் போட்டு எழுதியிருந்தேனே, வாலெல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

"வால் எங்கிட்ட இல்லைங்களே டீச்சரம்மா. ஒண்ணுன்னா ககரத்த எடுத்துப் போடுவோம். ஏழுன்னா எகரம். கல்யாணப் பத்திரிகையில தேதிக்கு அப்புடித்தான் போடுறது. இதுவரைக்கும் யாரும் மாறிப் போயி வேற தேதிக்கு வந்ததில்ல."

"கோக்கும்போது ஒங்களுக்கு எதுவும் தோணலையா? ஏழும் நாலும் எட்டுன்னு நிக்கிது."

அவர் கொஞ்சம் தயங்கினார். "தோணுச்சுங்க. ஏழும் நாலும் பதினொண்ணு ஆச்சேன்னு பாத்தேன். அப்பறம், படிச்சவுக எழுதுனது, பெரிய கணக்கா இருக்கும், நம்ம என்னத்தக் கண்டோம்னு போட்டுட்டேன்."

அதில் கிண்டல் இருந்ததா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

புரூப்பை எடுத்துக்கொண்டு அண்ணனும் நானும் தலைவர் வீட்டுக்குப் போனோம். சபை உறுப்பினர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் புரூப்பைக் கையில் வாங்கி, தொட்டுப் பார்த்து, காகிதம் நல்ல காகிதம் என்றார்கள். ஒருவர் பத்து என்ற எண்ணுக்குச் சுழி போடக்கூடாது, பழந்தமிழில் பத்துக்குத் தனிக் குறி உண்டு என்றார். அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். இன்னொருவர் கூட்டல் குறி சிலுவை போல இருக்கிறதே என்று கவலைப்பட்டார். தலைவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, நம் ஊர் வீதிகள் குறுக்கும் நெடுக்குமாக இப்படித்தான் வெட்டிக்கொள்கின்றன, ஆகவே இது நம் ஊர்க் குறிதான் என்று தீர்ப்பளித்தார். கூட்டல் பிழைத்தது.

நான் பேச வாய்ப்பு வந்ததும் முதல் கணக்கைப் படித்துக் காட்டினேன். ஏழும் நாலும் எட்டு. யாரும் சிரிக்கவில்லை. தலைவர் என்னை அன்போடு பார்த்தார்.

"இடம் நோக்கிப் பொருள் கொள்க, அம்மா. செய்யுளில் நாம் அங்ஙனம்தானே கொள்கிறோம்?"

"இது செய்யுள் இல்லைங்க. எழுத்து தமிழ் எழுத்தாவே இருக்கட்டும். எண்ண மட்டும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு எல்லாரும் எழுதுறபடி விட்டுட்டாப் போதும். அந்த எண்ணும் நம்ம நாட்டிலேருந்து போனதுதானே."

"போனது போனதாகவே இருக்கட்டும்" என்றார் தலைவர்.

அண்ணனைப் பார்த்தேன். அவர் விசிறிக் காம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யோசிப்போம்" என்றார். திரும்பி வரும்போது வழியெல்லாம் நான்தான் சபையில் அவரைச் சங்கடப்படுத்திவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

வழி சொன்னவர் கம்பாசிட்டர்தான். "எழுத்துக்கு ஒரு அச்சு, எண்ணுக்கு ஒரு அச்சுன்னு ரெண்டு தினுசு இருந்தாத் தெரிஞ்சுரும்ல" என்றார். அச்சகத்தில் இன்னொரு தினுசு இருக்கத்தான் செய்தது. தடித்த கறுப்பு எழுத்து. அதில் எ, க, ச எல்லாவற்றையும் கோத்து ஒரு பக்கம் அடித்துக் கொடுத்தார். குழப்பம் தீர்ந்தது. ஆனால் அது கருமாதிக் கடிதத்தில் இறந்தவரின் பெயரைப் போடுகிற எழுத்து. வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். படிக்கத் தெரியாத மதினி காப்பி கொண்டு வந்தவள், தூரத்திலிருந்தே பார்த்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "யாரு போய்ட்டாக?" என்று கேட்டாள். தலைவரும் அதையே வேறு சொற்களில் கேட்டார். அமங்கல எழுத்து நூலில் ஏறக்கூடாது என்றார்.

தலைக்கு மேல் உட்காரும் சின்ன இரண்டுக்கும் மூன்றுக்கும் கம்பாசிட்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். பஸ் டிக்கெட்டில் நம்பர் போடுகிற பொடி எண்கள் அவரிடம் இருந்தன. அவை 1, 2, 3 என்ற அன்னிய எண்கள். "சின்னதா மேல ஒக்காந்துக்கும், யாருக்கும் தெரியாது" என்றார். நான் சரி என்றேன். அண்ணனிடம் சொன்னேன், அவரும் சரி என்றார். தலைவரிடம் யாரும் சொல்லவில்லை. புத்தகம் முழுக்க ஆயிரக்கணக்கான அன்னிய இரண்டுகள் எழுத்துகளின் தலையில் ஏறி உட்கார்ந்தன. கடைசிவரை தலைவரின் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. அதற்கு அவர் புத்தகத்தைத் திறந்திருக்க வேண்டும்.

எழுத்துக்கு வருகிறேன். இங்கிலீஷ் கணக்குப் புத்தகங்களில் எழுத்துகளைச் சாய்வாகவும் எண்களை நேராகவும் போடுவார்கள். பத்து வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தும், எதற்காகச் சாய்க்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தமிழ் எழுத்தையும் சாய்த்துவிடலாமே என்றேன். அண்ணனுக்குப் பிடித்துவிட்டது. இரண்டு நாளில் அது அவருடைய யோசனை ஆயிற்று. ஒரு வாரத்தில் சபையின் யோசனை ஆயிற்று. தமிழ் எழுத்தைச் சாய்த்தவர் எவரும் இல்லை, நம் புதுக்கோட்டை சமஸ்தானமே முதல் என்று தலைவர் ஒரு கூட்டத்தில் பேசினார்.

சென்னையில் ஓர் அச்செழுத்து வார்ப்படச் சாலைக்கு, பன்னிரண்டு சாய்ந்த எழுத்துகள் வேண்டும் என்று எழுதினோம். எவ்வளவு சாய்வு என்று படம் போட்டு அனுப்புங்கள் என்று பதில் வந்தது. படம் போட நான் உட்கார்ந்தேன். இங்கேதான் என் புத்திசாலித்தனம் வேலை செய்தது. ஈய எழுத்துகள் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித்தான் இருக்கும் என்று கம்பாசிட்டர் எனக்குக் காட்டியிருந்தார். எழுத்து வலப்பக்கம் சாய வேண்டும். ஆகவே வார்ப்படக்காரருக்கு இடப்பக்கம் சாய்த்துக் காட்ட வேண்டும். கோணமானியை வைத்து, இடப்பக்கம் அழகாகச் சாய்ந்த ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'இவ்வளவு' என்று எழுதினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவள் என்று ஆகிவிடும்.

ஈயம் யுத்தத்துக்குப் போகிறது, காத்திருக்கவும் என்று ஒரு கார்டு வந்தது. நாலு மாதம் கழித்து ரயில் பார்சலில் எழுத்து வந்தது. அண்ணன், முதலாளி, நான் மூவரும் சுற்றி நிற்க, கம்பாசிட்டர் ஒரு வரி கோத்து மை தடவி, காகிதத்தை அழுத்தி எடுத்தார். எழுத்துகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து நின்றன. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கிறவனைப் போல முன்னால் சாய வேண்டியவை, யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது போலப் பின்னால் சாய்ந்திருந்தன.

பார்சலுக்குள் என் படத்தையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வார்ப்படக்காரர்கள் தங்கள் தொழிலை அறிந்தவர்கள். படத்தில் எப்படி இருக்கிறதோ காகிதத்தில் அப்படி விழ வேண்டும் என்று எடுத்துக்கொண்டு, இடவலம் மாற்ற வேண்டியதை அவர்களே மாற்றியிருந்தார்கள். நான் ஒருமுறை மாற்ற, அவர்கள் ஒருமுறை மாற்ற, இந்தக் கோலம். படத்தைப் பார்த்த கணமே எனக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்கள் அச்சைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதை நாலாக மடித்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் கம்பாசிட்டரிடம் திரும்பினார். என் படத்தை உறையில் வைத்துச் சென்னைக்குத் தபாலில் சேர்த்தது அவர்தான்.

"படத்தத் தலைகீழா வச்சு அனுப்புனியா?"

"இல்லைங்க. நேராத்தான் வச்சேன்."

"பின்ன எப்புடி மாறும்? தலைகீழாத்தான் வச்சிருக்க."

ஒரு கோட்டைத் தலைகீழாகத் திருப்பினால் அதன் சாய்வு மாறாது. வலப்பக்கம் சாய்ந்தது தலைகீழானாலும் வலப்பக்கம்தான் சாயும். சந்தேகம் இருப்பவர்கள் ஒரு குச்சியை வைத்துப் பார்க்கலாம். இதை என் அண்ணன் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தார். அன்று குற்றவாளி ஒருவர் தேவைப்பட்டதால் ஜியாமெட்ரியைச் சற்றே ஒதுக்கி வைத்தார். எனக்கும் அது தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை.

முதலாளி "ஆகட்டும்" என்று சொல்லி, கம்பாசிட்டரைப் பஸ் டிக்கெட் கோக்க அனுப்பிவிட்டார். கணக்குப் புத்தகத்தில் இனிக் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு. எட்டு நாள் வேலை நின்றது. எட்டு நாளும் அந்தப் படம் என் பைக்குள்ளேயே பள்ளிக்கூடம் போய்விட்டு வந்தது. வகுப்பில் பிள்ளைகள் தப்பை ஒப்புக்கொள்ளாவிட்டால் பெஞ்சி மேல் ஏற்றுகிறவள் நான். ஒன்பதாம் நாள் அச்சகத்துக்குப் போய், முதலாளியின் மேஜை மேல் படத்தை விரித்து வைத்தேன்.

"நான் போட்ட படம். தப்பு எம்மேல. அவர திரும்பக் கூப்புடுங்க."

முதலாளி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இத எதுக்கு டீச்சரம்மா எங்கிட்டக் காட்டுறீங்க? வாத்தியாரய்யா அவன் தப்புன்னு தலைவருக்கு எழுதியே குடுத்துட்டாக. மடிச்சு வைங்க. அவன வேணும்னா கூப்புட்டுக்கிறேன்."

அண்ணனிடமும் அன்றே சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நிம்மதியாகத்தான் இருந்தார். "சரி, வெளிய சொல்லாத" என்றார். "யாரு மேலன்னு ஒண்ணு எழுதிக் குடுத்தாச்சு. மாத்திச் சொன்னா நம்மளப் பத்தி என்ன நினைப்பாக?" அந்த 'நம்ம' என்ற சொல்லுக்குள் கம்பாசிட்டர் இல்லை.

மறுபடி தலைவர் வீட்டில் கூட்டம். இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில் அடித்த பக்கத்தை உறுப்பினர்கள் கைமாற்றிப் பார்த்தார்கள். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நான் பையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அன்னியர் எழுத்து எப்பக்கம் சாயும்?" என்று கேட்டார்.

"வலப்பக்கமுங்க" என்றார் அண்ணன்.

"நம் எழுத்து?"

"இடப்பக்கமுங்க."

"அதுவே முறை. அவர் சாயும் பக்கம் நாம் சாய்தல் எதற்கு?"

உறுப்பினர்கள் ஆமோதித்தார்கள். சுழியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியவர்கள் இதை அரை நிமிஷத்தில் ஏற்றுக்கொண்டார்கள். நான் எழுந்து, இது கைத்தவறு, தவறு செய்தவள் நான், அச்சகத்துக்காரர் மேல் பழி வேண்டாம் என்று சொல்லிப் படத்தை நீட்டினேன். தலைவர் வாங்கிக்கொள்ளவில்லை. கையை மட்டும் உயர்த்தினார்.

"கை தங்களுடையது, அம்மா. கருத்து தங்கள் தமையனாருடையது. தமிழ் தன் பக்கம் தானே சாய்ந்துகொண்டது. இதில் பழி எங்கிருந்து வந்தது?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கமாக இருப்பவர் போலத் தெரிந்தது. உறுப்பினர் ஒருவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு எட்டு நாள் தைரியம் சேர்த்துக்கொண்டு போனவளை, யாரும் குற்றம் செய்தவளாகக்கூட மதிக்கவில்லை.

இதில் எரிச்சலூட்டும் விஷயம், அந்த எழுத்து நன்றாக இருந்தது என்பதுதான். நேரே நிற்பது எண், பின்னால் சாய்வது எழுத்து; சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. கம்பாசிட்டர் மறுபடி வேலையைத் தொடங்கினார். என்னிடம் எட்டு நாளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "எந்தப் பக்கம் சாஞ்சா என்னங்க, தெளிவா விழுது" என்று மட்டும் சொன்னார்.

கோக்கக் கோக்க அவருக்குக் கணக்கும் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. விடைப் பகுதியைக் கோத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, ஒரு விடையைக் காட்டினார். "இந்தத் தேங்கா கணக்குல பதினாறுன்னு விடை போட்டிருக்கு. பதினாற உள்ள வச்சுப் பாத்தா வரமாட்டேங்குது டீச்சரம்மா. பதினெட்டு வச்சா வருது." நான் போட்டுப் பார்த்தேன். பதினெட்டுதான். வீட்டில் அண்ணனிடம் சொன்னபோது யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். நான் உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாது.

"கோக்கச் சொன்னா கணக்குப் பாக்குறானா அவன்? இருக்கிறபடி விடச் சொல்லு" என்றார்.

பதினாறு என்றே அச்சாகியது.

புத்தகங்களில் முகவுரையைக் கடைசியாகத்தான் கோப்பார்கள். அண்ணன் முகவுரையில் தலைவருக்கு ஒரு பக்கம் நன்றி சொல்லியிருந்தார். சபையின் ஒவ்வோர் உறுப்பினரையும் வணங்கியிருந்தார். வார்ப்படச் சாலைக்கும் இரண்டு வரி இருந்தது. என்னைப் பற்றி எதுவும் இல்லை, அது எதிர்பார்த்ததுதான். முடிவில் ஒரு வாக்கியம்: 'நூலில் பிழைகள் காணப்படின், அவை அச்சுக்கோப்போரின் கல்வியின்மையால் நேர்ந்தவை என்று கொண்டு அன்பர்கள் பொறுத்தருள்க.'

அந்தப் புரூப்பையும் நான்தான் பார்த்தேன். 'கல்வியின்மையால்' என்பதில் 'மை' எழுத்தின் கொம்பு உடைந்திருந்தது. அதைத் திருத்தி, கீழே சரி என்று எழுதிக் கொடுத்தேன்.

வெளியீட்டு விழா ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. இலுப்பூரிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள், பாதிப் பேர் அதற்குப் பிறகு நடக்கவிருந்த கச்சேரிக்காக. பீஜகணிதம் என்பதில் பீஜம் வடசொல் என்று கடைசி வாரத்தில் கண்டுபிடித்து, அட்டையில் 'எழுத்துக் கணக்கு' என்று மாற்றியிருந்தார்கள். தலைவர் ஒரு மணி நேரம் பேசினார். அண்ணனுக்குச் சால்வை போர்த்தினார்கள். பெண்கள் வரிசையில் நானும் மதினியும் உட்கார்ந்திருந்தோம். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் கொஞ்சம் துடைத்துக்கொண்டேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை; மேடையில் இருந்தது என் அண்ணன்.

கம்பாசிட்டர் பின்வரிசையில் நின்றார். விழா முடிந்து கூட்டம் கலையும்போது வாசலில் எதிர்ப்பட்டார். எனக்கு அந்த முகவுரை வாக்கியம் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. படித்திருக்கமாட்டார் என்ற ஒரு நப்பாசையும் இருந்தது.

"முகவுரையில கடைசி வரி..." என்று தொடங்கினேன்.

"நான்தானே கோத்தேன் டீச்சரம்மா. படிக்காமயா கோத்திருப்பேன்?"

"படிச்சீங்கள்ல, அத நீங்களே எடுத்துட்டிருக்கலாமே. நான் கேட்டிருக்க மாட்டேனே."

"எடுத்துப்புடலாம்னு நெனச்சேன். புரூப் ஒங்ககிட்ட வரும், நீங்க அடிச்சுத் திருத்திருவீங்கன்னு விட்டேன். கொம்ப மட்டும் திருத்தி அனுப்பியிருந்தீங்க." கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு நடந்தார்.

என்ன பதில் சொல்லியிருக்க முடியும் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். சாப்பிடுவது அண்ணன் வீட்டில் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மைதான், ஆனால் அவரும் எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அண்ணனுடைய பள்ளிக்கூடத்திலும் என் பள்ளிக்கூடத்திலும் புத்தகம் எல்லோருக்கும் வழங்கப்பட்டது. வகுப்பில் அண்ணன் அதை மேஜை மேல் வைத்துக்கொண்டு, கரும்பலகையில் இங்கிலீஷ் எழுத்துகளையும் 1, 2, 3-ஐயும் எழுதித்தான் பாடம் நடத்தினார். பரீட்சையில் அப்படித்தானே வருகிறது என்று காரணம் சொன்னார். நான் என் வகுப்பில் புத்தகத்தை வைத்தே நடத்தினேன். சாய்ந்த எழுத்துகளைப் பிள்ளைகள் இரண்டு நாளில் பழகிக்கொண்டார்கள். தேங்காய்க் கணக்கு வந்தபோது பதினாறை அடித்துப் பதினெட்டு என்று எழுதச் சொன்னேன். ஒரு பெண் எழுந்து, "டீச்சர், இது யாரு கண்டுபிடிச்ச தப்பு?" என்று கேட்டாள்.

"இத அச்சுக் கோத்தவரு" என்றேன்.

"கோத்தவருக்குக் கணக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். அவள் அதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்து அடுத்த கணக்கைப் போடத் தொடங்கினாள்.